சலவைக்கடைத் திருப்பத்துக் குழி

அந்தக் குழியை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். மழைத்தண்ணீர் நிரம்பி, சும்மா ஈரமான ரோடு மாதிரி நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடந்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவசரத்தில் இருந்தேன். காரின் முன்பக்கம் டமாரென்று இறங்கி ஏறியது. ஸ்டியரிங் கையை மீறி ஒரு பக்கமாக இழுத்தது. பின் சீட்டிலிருந்த கருவிப்பெட்டி முன்னால் வந்து விழுந்தது. அந்த இரண்டு பேரும் மேலும் ஒன்றரை மணி நேரம் உள்ளேயே நின்றார்களாம். அவர்களிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். கார் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. அவள்தான் வாங்கினாள், அவள்தான் ஓட்டினாள். காலையில் என்னை ஏதாவது ஒரு கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டு, தான் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரிக்குப் போவாள். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் சாவியைக் கேட்டால் தரமாட்டாள். "நீங்க மேல பாக்கவும் கீழ பாக்கவும்தான் லாயக்கு. முன்னால பாத்து ஓட்டறது உங்களுக்கு வராது" என்பாள். ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயிற்றில் வந்த நோய். கண்டுபிடித்த நாளிலிருந்து நான்கு மாதம்தான்.

அதற்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். சீட்டை மட்டும் நகர்த்தவில்லை. அவள் குள்ளம், நான் நெட்டை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, மடக்குக் கத்தி மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவேன். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கலாம். என் தொழிலில் தினமும் பத்துக் கோடு போடுகிறவன்தான் நான். மனசு வரவில்லை. வீட்டில் அவள் இல்லை என்பது ஒவ்வொரு அறையிலும் முகத்தில் அறைகிறது. காருக்குள் மட்டும், இப்போதுதான் இறங்கிக் கடைக்குள் போனாள், வந்துவிடுவாள் என்பது போல இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுடைய போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துத் தினமும் சார்ஜ் போடுகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு செருப்புக் கடை மட்டும் விடாமல் செய்தி அனுப்பும். அவளுக்கு அங்கே இன்னும் தள்ளுபடி உண்டு.

கார்ப் பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, ரிம் போச்சு. சஸ்பென்ஷன் ஒடைஞ்சு தொங்குது. ஸ்டியரிங் ராடும் வளைஞ்சிருக்கு. இதுக்குச் செலவு பண்றதுக்கு இதே மாதிரி இன்னொரு பழைய வண்டி வாங்கிடலாம். பேசாம இரும்புக்குப் போட்டுடுங்க."

"போட முடியாது."

"கையில காசு இருக்கா?"

"இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். "இப்படி ஒட்டி உக்காந்தா ஓட்டறீங்க?" என்று அதன் கம்பியில் கை வைத்தார். "அதைத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்: "அப்ப நகராட்சிகிட்ட கேளுங்க. ரோட்டுக் குழியால வண்டி அடிபட்டா அவங்க இழப்பீடு தரணும்ணே. அதுக்குப் படிவமே இருக்கு. யாரும் எழுதறதில்ல, அவ்வளவுதான். இடம் இருக்கு, வண்டி இங்கயே நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, அந்த வண்டியக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க? தொலைச்சுத் தலைமுழுகிட்டு பஸ்ல போங்களேன்." அவள் சொன்னதில் தப்பில்லை. என் கருவிப்பெட்டி பதினெட்டு கிலோ என்பது அவளுக்குத் தெரியாது. மற்றதை நானும் சொல்லவில்லை.

படிவத்தை ஒழுங்காக நிரப்பினேன். குழியை அளக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து அளந்தேன். நீளம், அகலம், நான்கு இடத்தில் ஆழம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில். லிஃப்ட் கூண்டுக்குக் கீழே இருக்கும் அடிக்குழிக்குப் போடுகிற மாதிரி வெட்டுத் தோற்றத்தோடு வரைபடம் போட்டு இணைத்தேன். இடம் என்ற கட்டத்தில் 'தபால் பெட்டிக்கு எதிரே' என்று எழுதினேன். நகராட்சி ஆட்கள் வந்து குழியைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் வட்டம் போட்டு, என் மனு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மேற்படி குழி குறித்து அலுவலகத்துக்கு முன்தகவல் ஏதும் இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது. அதாவது, குழி இருப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்து, தெரிந்தும் மூடாமல் விட்டிருந்தால்தான் காசு. தெரியாத குழி யாருடைய குழியும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரிலேயே போனேன். வாசலில் காவலாளி என் போனை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். லிஃப்ட் ஓடவில்லை, கதவு சென்சாரில் தூசி, பார்த்ததுமே தெரிந்தது. துணியால் துடைத்தால் ஐந்து நிமிட வேலை. இவர்களுக்காவது நான் துடைப்பதாவது என்று மூன்று மாடியும் படியேறினேன்.

இழப்பீட்டுப் பிரிவில் ஒரே ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். போன் பேச மாட்டியிருந்த ஹெட்போன் தலைமுடியில் ஒரு நிரந்தரப் பள்ளம் போட்டிருந்தது.

"முன்தகவல் இல்லன்னு எழுதியிருக்கீங்க. கிணறு மாதிரி குழி நடுரோட்டில கெடக்கு. ஊருக்கெல்லாம் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

"தெரியறது வேற சார், பதிவுல இருக்கறது வேற" என்றார், திட்டு வாங்கிப் பழகின குரலில். "தபால் பெட்டின்னு போட்டுத் தேடினோம், ஒண்ணும் வரலை. அங்க வேற என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. முன்னாடி ஒரு சலவைக்கடை இருந்துச்சு. மூடி மூணு வருஷம் ஆச்சு."

தட்டினார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம குழியம்மா!"

"யாரு?"

"மூணு புகார் இருக்கு சார், சலவைக்கடைத் திருப்பம்னு. மூணும் ஒரே நம்பர். நாங்கதான் அவங்களுக்குக் குழியம்மான்னு பேர் வெச்சோம். மாசம் தவறாம ஏதாவது ஒரு குழிக்கு போன் பண்ணித் திட்டுவாங்க. கொஞ்ச நாளா காணோம். வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க போல." திரையை என் பக்கம் திருப்பினார்.

என் சொந்த போன் நம்பரை யாராவது கேட்டால் நான் யோசிக்க வேண்டும். இந்த நம்பருக்கு யோசிக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாள் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார். இரண்டும் ஒரே குழிதானா என்று உறுதி செய்ய வேண்டுமாம். புகார்தாரர் சொன்னதை மனுதாரர் கேட்டு இடத்தை அடையாளம் சொல்ல வேண்டுமாம். என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு எதையோ அழுத்தினார்.

"வணக்கம், மறுபடியும் நான்தான்" என்றாள் என் மனைவி.

முதல் புகார் வழக்கமான திட்டு. இரண்டாவதில் சூடு அதிகம். மூன்றாவதை ஆரம்பித்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. தேதியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் நோயைச் சொன்ன நாளுக்கு மூன்று நாள் கழித்து.

"போன மாசமும் சொன்னேன், அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன். அதே சலவைக்கடைத் திருப்பம். இத பாரும்மா, இது எனக்காக இல்ல. எனக்கு அந்தக் குழி எங்க இருக்குன்னு தெரியும், ஒதுங்கிப் போயிடுவேன். இனிமே எங்க வீட்டுக்காரர்தான் வண்டி ஓட்டணும். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேல பாப்பாரு, கீழ பாப்பாரு, முன்னால மட்டும் பாக்க மாட்டாரு." இங்கே ஒரு இருமல். தண்ணீர் குடிக்கிற சத்தம். "நான் இருக்கறப்பவே மூடிட்டீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"பதிவு பண்ணிட்டோம் மேடம்" என்றது இன்னொரு குரல்.

"பதிவு நல்லாத்தான் பண்றீங்க. மூடுங்க." போனை வைத்துவிட்டாள்.

அந்த அம்மாள் என் ஹெட்போனைக் கழற்றினார். "அதே குழிதானா சார்?"

"அதேதான்." ஹெட்போன் அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டேன். "அவ வீடு மாத்தலைங்க. என் சம்சாரம்."

அவர் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. பிறகு தன் பாட்டிலைத் திறந்து, மூடியில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தார். அந்த ஒரு வாய்த் தண்ணீரைக் குடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பதிவின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது. எழுத்தாக அச்சடித்துத் தருவார்கள், குரலைத் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அச்சடித்த தாளை வாங்கிப் படித்தேன். 'இருமல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். அது அவள் இருமல் இல்லை. ஆனால் மனுவின் கோப்பு திறந்திருக்கும்வரை மனுதாரர் எத்தனை தடவை வேண்டுமானாலும் அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம். கோப்பை மூடினால் முப்பது நாளில் பதிவு தானாக அழிந்துவிடும்.

அந்த வாரமே இழப்பீட்டுக் கடிதம் வந்தது. கேட்ட தொகை முழுசாக. கீழே கையெழுத்துப் போட்டால் பட்டறைக்காரருக்கே நேராகப் போய்ச் சேரும். கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படும்.

நான் மறுப்பு எழுதினேன். டயரின் காற்றுத் துளைக்குப் போடும் சின்ன மூடியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று காரணம் காட்டினேன். சேர்த்து அனுப்பினார்கள். என் முகவரியில் ஒரு எழுத்து பிழை என்று எழுதினேன். திருத்தி அனுப்பினார்கள். ஆழத்தை நான்கு இடத்தில் அளந்தேனே, மூன்றுதானே போட்டிருக்கிறீர்கள் என்று எழுதினேன். காசு தருகிறேன் என்று துரத்துகிற அலுவலகத்தையும், வேண்டாம் என்று ஓடுகிற மனுதாரரையும் அந்தக் கட்டடம் அதுவரை பார்த்திருக்காது. பட்டறைக்காரர் போனில் கத்தினார்: "அண்ணே, ரெண்டு மாசமா வண்டி இங்க நிக்குது! காசு வருதா வரலையா?" வருது வருது என்றேன். பதினெட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை மதியம் அங்கே போவது என்று ஆகிவிட்டது. அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்க மாட்டார்; ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்று புகாரும் சேர்ந்து ஆறே கால் நிமிடம். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அந்த ஆறே கால் நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இருக்கும்போது அவள் சொன்ன புகார்களில் எத்தனையை இப்படிக் காது கொடுத்துக் கேட்டேன்? இந்தக் குழியைப் பற்றியும் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். "ம்" போட்டிருப்பேன்.

ஏழாவது வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போது, எனக்கு முன்னால் சைக்கிளில் போன நர்ஸ் ஒருத்தி குழிக்குள் முன்சக்கரத்தை விட்டு அப்படியே குப்புற விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. கன்னத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது, என் மனு எண்ணிலிருந்து உரிந்த பெயின்ட். சைக்கிளை ஓரமாக எடுத்து வைத்தேன். தள்ளிப்போய் விழுந்திருந்த செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"இவ்வளவு பெரிய குழி" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "ஒருத்தருக்குக் கூடவா புகார் பண்ணணும்னு தோணலை?"

"பண்ணியிருக்காங்கம்மா. மூணு தடவை."

"அப்பறம் ஏன் மூடலை?"

மூன்றாவது மாடியில் போய் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். இன்றைக்கு ஒரு பெண் விழுந்துவிட்டாள், இன்னும் என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினேன்.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"உங்க ஃபைல்தான் சார் காரணம்."

"என் ஃபைலா?"

"நீங்க மறுப்பு போட்டுக்கிட்டே இருக்கீங்கல்ல? திரும்ப அளக்க வேண்டி வரும்னு குழியத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. உங்களுக்கு வந்த கடிதத்துலயே ரெண்டாவது பக்கத்துல இருக்கே. நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

இரண்டாவது பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

மூடுங்க, மூடுங்க என்று ஒவ்வொரு வாரமும் என் காதுக்குள் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டே, அதை மூடவிடாமல் பிடித்து வைத்திருந்தேன். சாகப்போகிற நேரத்தில் அவள் ஊரிடம் கேட்ட ஒரே ஒரு காரியம் அது. எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"பேனா இருக்கா?" என்றேன்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார். போடுவதற்கு முன் நிறுத்தினார். "ஒரு தடவை கேட்டுடறீங்களா? இத மூடிட்டா அப்பறம் என்னால போட முடியாது."

"மூணாவது மட்டும்."

கேட்டேன். இருமலைக் கேட்டேன், தண்ணீர் குடிப்பதைக் கேட்டேன். "மூடுங்க" என்று அவள் வைத்ததும் நானே ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுந்து வரும்போது, "வியாழக்கிழமை இனிமே வெறிச்சுனு இருக்கும் சார்" என்றார் அந்த அம்மாள். கீழே இறங்கியதும் லிஃப்ட் கதவு சென்சாரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அவரும் தினம் மூன்று மாடி ஏறுகிறவர்தானே.

பத்து நாளில் கார் வந்தது. சீட்டின் கம்பியைச் சுற்றிப் பட்டறைக்காரர் டேப் ஒட்டி, 'தொடக்கூடாது' என்று எழுதியிருந்தார். ஒரு இம்மி நகரவில்லை.

அதற்கு அடுத்த வாரம், காலையில் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் மேலிருந்து அவள் போன் சத்தம் போட்டது. செருப்புக் கடை என்று நினைத்து விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்துத்தான் எடுத்துப் பார்த்தேன்.

'சலவைக்கடைத் திருப்பம் குறித்த உங்கள் புகாரின் பேரில் பள்ளம் மூடப்பட்டது. பணி திருப்தி என்றால் 1 அனுப்பவும். திருப்தி இல்லை என்றால் 2 அனுப்பவும். புகார் மீண்டும் திறக்கப்படும்.'

மீண்டும் திறக்கப்படும். கோப்பு மூடி இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. பதிவு இன்னும் அழிந்திருக்காது. ஒரு இரண்டைத் தட்டினால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். நேரில் பார்க்காமல் எதற்கும் சரி சொல்கிற ஆள் இல்லை அவள்.

முழங்கால் இடிக்க இடிக்க மெதுவாக ஓட்டிப்போய், ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். குழி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம். என் நீளமான இரும்பு அளவுகோலை அதன் மேல் குறுக்கே வைத்தேன், நெடுக்கே வைத்தேன், மூலைக்கு மூலை வைத்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். கடைசியில் ரொட்டிக்கடை ரசீதை மடிக்காமல் அளவுகோலின் கீழே நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. வேலை சுத்தம். எந்தப் புண்ணியவானோ வேண்டுமென்றே ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

காரில் ஏறி உட்கார்ந்து, அவள் போனில் 1 என்று தட்டி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'நன்றி. இந்த எண்ணிலிருந்து வந்த புகார் எதுவும் இப்போது நிலுவையில் இல்லை.'

முப்பத்தோரு வருடத்தில் அவளைப் பற்றி இப்படி ஒரு செய்தியை நான் கேட்டதில்லை. யாரிடமாவது காட்டிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். காட்ட வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான்.